எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்ப்ரஸர்: கையிலிருந்து மிக்ஸர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஓங்கிய சத்தத்தை அழுத்தி, மெல்லிய சத்தத்தோடு அதற்குள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் பெடலை ஆசையாக வாங்கிவிட்டு, கொஞ்ச நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "போட்டாலும் எடுத்தாலும் வித்தியாசமே தெரியலை" என்பது ஒன்று. "போட்டதும் வாசிப்புல உயிர் போயிடுது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கிட்டாரிலிருந்து கேட்பவர் காதுக்குப் போகிற வழியில் ஏற்கெனவே எத்தனை இடத்தில் சிக்னல் அழுத்தப்படுகிறது என்று பார்க்காமலே நாமும் ஒரு அழுத்தம் கொடுத்துவிடுகிறோம்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். நமக்கு ஒரே மாதிரி மேடை அமைவதில்லை. ஒருநாள் ஒயிட் டவுனில் ஏதாவது ஒரு கஃபேயில் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். மறுநாள் நெல்லிக்குப்பம் பக்கம் கல்யாண ஆர்கெஸ்ட்ரா, அங்கே ஆம்ப்பே இருக்காது, பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் மல்டி எஃபெக்ட்ஸிலிருந்து நேராக மிக்ஸர்தான். ஞாயிறு காலை சர்ச் பாடற்குழு. ஒரே செட்டிங் மூன்று இடத்துக்கும் பொருந்தாது. எங்கே என்ன மாறுகிறது என்று தெரிந்துவிட்டால், எந்தப் பெடல் கையில் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

கம்ப்ரஸர் செய்கிற வேலை

நீங்கள் வாசிக்கும்போது ஒருவர் வால்யூம் குமிழில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் குறைப்பார், இறங்கினால் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். அந்த அளவுதான் த்ரெஷோல்ட். எவ்வளவு குறைப்பார் என்பது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் குறைப்பார் என்பது அட்டாக். எவ்வளவு சீக்கிரம் விடுவார் என்பது ரிலீஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். த்ரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபல், ரேஷியோ 4:1. நீங்கள் ஓங்கி அடித்த ஸ்ட்ரம் மைனஸ் 8 டெசிபலில் வருகிறது, அதாவது த்ரெஷோல்டைவிட 12 டெசிபல் மேலே. அந்த 12, நான்கில் ஒரு பங்காகி 3 ஆகிறது. வெளியே வருவது மைனஸ் 17. மொத்தம் 9 டெசிபல் குறைந்துவிட்டது. மெல்ல மீட்டிய சுரம் மைனஸ் 24-இல் இருந்தால் அதைக் கம்ப்ரஸர் தொடவே தொடாது. முன்பு 16 டெசிபல் இருந்த வித்தியாசம் இப்போது 7 டெசிபல்.

ஓங்கி அடித்தது இறங்கிவிட்டதால் மொத்தச் சத்தமும் குறைந்த மாதிரி இருக்கும். அதை ஈடுகட்ட லெவல் அல்லது அவுட்புட் குமிழைத் திருப்பி எல்லாவற்றையும் தூக்குகிறோம். மெல்லிய சுரம் பெரிதாவதும், சுரம் நீண்டு நிற்கிற மாதிரி தெரிவதும் இந்தத் தூக்கலால்தான். கூடவே இரைச்சலும் ஏறும். 8 டெசிபல் தூக்கினால், நீங்கள் வாசிக்காத நேரத்தில் கேட்கும் 'ஹம்' சத்தமும் 8 டெசிபல் ஏறிவிடும். கம்ப்ரஸரால் வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

படி 1: ஏற்கெனவே அழுத்துவது யார்?

பெடலைத் தொடுவதற்கு முன் உங்கள் சிக்னல் போகும் வழியை ஒருமுறை மனதில் நடந்து பாருங்கள்.

முதலில் கை. சீராக ஸ்ட்ரம் செய்யப் பழகிய கை ஒரு நல்ல கம்ப்ரஸர். ஆர்கெஸ்ட்ராவில் பல வருடம் ரிதம் வாசித்தவர்களுக்குப் பெடல் போட்டால் வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான். தெரியாவிட்டால் தேவையில்லை என்று பொருள், பெடல் கெட்டுப்போய்விட்டது என்று பொருள் இல்லை.

அடுத்தது ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ். இவற்றைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியை வெட்டுவது. உச்சியை வெட்டினால் ஓங்கி அடித்ததும் மெல்ல அடித்ததும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அலைவடிவத்தைப் பாருங்கள். கிளீனாக வாசித்ததில் ஒவ்வொரு மீட்டலும் கூர்மையாக எழுந்து சரியும். டிஸ்டார்ஷனில் மேலும் கீழும் தட்டையாக ஒரே பட்டையாக நிற்கும். அதற்குமேல் கம்ப்ரஸருக்கு அழுத்த என்ன இருக்கிறது? இரைச்சலைத் தூக்குவது ஒன்றுதான் மிச்சம். ஹை கெயின் வாசிப்பில் கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது ட்யூப் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப். அதை நன்றாகத் திருப்பி வாசிக்கும்போது பவர் ட்யூப்கள் தாமாகவே அலையை உருட்டிவிடும். அதோடு, ஓங்கி அடிக்கிற நொடியில் ட்யூப்கள் அதிகக் கரண்ட் இழுப்பதால் உள்ளே இருக்கும் மின்னழுத்தம் சற்று இறங்கி மெல்ல மேலேறும். இதைச் 'சேக்' என்பார்கள். ஏசி கரண்டை டிசியாக மாற்ற டயோடுக்குப் பதில் ட்யூப் ரெக்டிஃபையர் போட்ட ஆம்ப்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஜிஇசட்34 ரெக்டிஃபையரும் 22 வாட்டும் கொண்ட ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிக் பட்டதும் சற்று அமுங்கி, பிறகு சுரம் மலர்ந்து வருகிற அந்த உணர்வைத்தான் பலர் பெடலில் தேடுகிறார்கள். அதே ஆம்ப்பைக் குறைந்த வால்யூமில் வைத்தால் அது கிடைக்காது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கதை வேறு. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 மாதிரியான ஆம்ப், கொடுத்ததை அப்படியே பெரிதாக்கித் தரும். கை செய்கிற ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அப்பட்டமாக வெளியே வரும். நம் ஊரில் வீட்டிலும் கஃபேயிலும் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே கம்ப்ரஸர் உண்மையில் பயன்படும் இடமும் இதுதான்.

கடைசியாக, உங்கள் கையில் இல்லாத அழுத்தங்கள். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. ஸ்பீக்கரும் அழுத்தும். நீண்ட நேரம் முழுச் சத்தத்தில் ஓடினால் உள்ளே இருக்கும் காயில் சூடாகி, மின்தடை கூடி, சத்தம் குறையும். கச்சேரியை யாராவது போனில் எடுத்தால் போனும் தானாகவே சத்தத்தைச் சமன்செய்யும். அதனால் போன் வீடியோவைக் கேட்டுவிட்டுக் கம்ப்ரஸர் செட்டிங்கை மாற்றாதீர்கள். அது உங்கள் பெடலின் சத்தம் இல்லை.

இந்தக் கணக்குப் போட்டபின் கேட்க வேண்டிய கேள்வி: இன்னும் என்ன குறைகிறது? ஸ்ட்ரம்மிங் நடுவில் சில அடிகள் துருத்துகின்றனவா? தனித்தனியாக மீட்டும்போது சில தந்திகள் காணாமல் போகின்றனவா? சோலோவில் சுரம் நிற்பதற்குள் அணைகிறதா? மூன்றுக்குமே பதில் "இல்லை" என்றால் பெடலும் வேண்டாம்.

படி 2: உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெடல்களில் பழைய வழி எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப், ராஸ் கம்ப்ரஸர் ஆகியவை போட்ட வழி. இரண்டும் சிஏ3080 என்ற ஒரே வகைச் சிப்பைச் சுற்றிக் கட்டப்பட்டவை. பிக்கின் முனையைப் பிடித்து அமுக்கி, சுரத்தை முன்னால் தள்ளும். கன்ட்ரி, ஃபங்க் வாசிப்பில் கேட்கும் 'டக் டக்' சத்தம் இவற்றுக்கு எளிதாக வரும். ஆப்டிகல் வகையில் உள்ளே ஒரு விளக்கும் ஒளியுணர் தடையும் இருக்கும். 1960களின் டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ இந்த வகைக்கு முன்னோடி. மெதுவாகப் பிடித்து மெதுவாக விடுவதால் காதுக்கு இதமாக இருக்கும். எஃப்இடி என்ற டிரான்சிஸ்டர் வகையால் அழுத்தும் எஃப்இடி வகை மிக வேகம். ஸ்டுடியோக்களில் பேர்போன 1176-இன் அட்டாக், மிக மெதுவாக வைத்தாலும் 1 மில்லி செகண்டுக்குக் கீழேதான்.

குமிழ்களில் ஒரு எச்சரிக்கை. 1986-இல் வந்து இன்றும் விற்கிற பாஸ் சிஎஸ்-3 பெடலில் லெவல், டோன், அட்டாக், சஸ்டெயின் என்று நான்கு குமிழ்கள். இதில் அட்டாக்கை வலப்பக்கம் திருப்பத் திருப்பப் பிக்கின் சத்தம் கூடும், அதாவது கம்ப்ரஸர் தாமதமாகப் பிடிக்கும். 1176-இல் அதே வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். ஆகவே வேறொருவர் சொன்ன "அட்டாக் மூணு மணி, சஸ்டெயின் பன்னிரண்டு மணி" கணக்கை அப்படியே உங்கள் பெடலில் வைக்காதீர்கள். டைனா காம்ப்பில் அவுட்புட், சென்சிட்டிவிட்டி என்று இரண்டே குமிழ்கள். சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் த்ரெஷோல்டை இறக்கிய பலன் கிடைக்கும். சிஎஸ்-3-இல் சஸ்டெயின் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

பெடல் எதுவும் இல்லையென்றால் ரீப்பர் மென்பொருளோடு வரும் ரீகாம்ப்பில் பழகலாம். எவ்வளவு டெசிபல் குறைகிறது என்று மீட்டரில் கண்ணால் பார்க்க முடிவதால், கற்றுக்கொள்ள அதுதான் சிறந்த இடம் என்பேன்.

படி 3: காதால் செட் செய்வது

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். மற்ற எல்லாப் பெடல்களையும் அணையுங்கள். ரிவெர்ப்பும் வேண்டாம். கிட்டாரின் வால்யூம் முழுதாக. அழுத்திய சிக்னலையும் அழுத்தாத சிக்னலையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் இருந்தால் முழுக்கக் கம்ப்ரஸர் பக்கம் திருப்புங்கள்.

வாசிக்க ஒரே ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெல்ல விரலால், அப்புறம் சாதாரண பலத்தில், கடைசியில் ஓங்கி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே துண்டுதான். துண்டை மாற்றிக்கொண்டே இருந்தால் காது ஏமாந்துவிடும்.

இப்போது வேண்டுமென்றே அதிகமாகப் போடுங்கள். த்ரெஷோல்டை நன்றாக இறக்குங்கள், அல்லது சஸ்டெயினை முக்கால்வாசி திருப்புங்கள். ரேஷியோ இருந்தால் 8:1 அல்லது 10:1. கேட்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. இவ்வளவு அழுத்தினால்தான் அட்டாக்கும் ரிலீஸும் என்ன செய்கின்றன என்று தெளிவாகக் காதில் விழும்.

அட்டாக்கை மிக வேகமாக வையுங்கள். இடது கையால் தந்திகளை மூடிக்கொண்டு பிக்கால் தட்டுங்கள். 'டிக்' என்ற முனைச் சத்தம் மழுங்கியிருக்கும். மெல்ல மெல்ல அட்டாக்கைத் தாமதப்படுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் அந்த 'டிக்' திரும்ப வந்துவிடும். அங்கே நிறுத்துங்கள். மில்லி செகண்ட் காட்டும் கம்ப்ரஸராக இருந்தால் அது பெரும்பாலும் 15 முதல் 40-க்குள் எங்காவது இருக்கும். வேகமான ஃபங்க் ஸ்ட்ரம்மிங்கில் முனை மழுங்கித்தான் வேண்டுமென்றால் 5-க்குக் கீழே போகலாம். பாடகருக்குப் பின்னால் வாசிக்கிறவர்கள் முனையை விட்டுவைப்பதே நல்லது. தாளம் பிடிக்க மற்றவர்கள் அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள்.

ரிலீஸைப் பாட்டின் வேகத்தை வைத்து முடிவுசெய்யலாம். 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று கிடைக்கும். 100 என்றால் ஒரு தட்டு 600, அரைத்தட்டு 300, கால்தட்டு 150. கால்தட்டில் ஸ்ட்ரம் செய்தால், அடுத்த அடி விழுவதற்குள் கம்ப்ரஸர் விட்டுவிட வேண்டும், அதாவது 150-க்குக் கொஞ்சம் கீழே. இல்லையென்றால் முதல் அடியில் இறங்கிய சத்தம் ஏறவே ஏறாது, எல்லா அடியும் ஒரே மாதிரி சோர்ந்து கேட்கும். ஆறெட்டுத் தாளத்தில் ஒரு தட்டுக்குள் மூன்று அடி வரும். நிமிடத்துக்கு 130 தட்டு என்றால் ஒவ்வொரு அடிக்கும் சுமார் 154 மில்லி செகண்ட்தான். நம் குத்துப் பாட்டுகளுக்கு ரிலீஸ் வேகமாக இருக்க வேண்டியது இதனால்தான். ஆனால் 50-க்கும் கீழே போனால் அடிகளுக்கு நடுவில் சத்தம் மேலும் கீழும் மூச்சு வாங்குவது கேட்கும். கணக்குப் போட்டு ஒரு எண்ணில் வைத்துவிட்டு, கடைசி முடிவைக் காதிடம் விடுங்கள்.

இனி திரும்பி வாருங்கள். ரேஷியோவை 3:1 அல்லது 4:1-க்கு இறக்குங்கள். த்ரெஷோல்டை ஏற்றிக்கொண்டே வாருங்கள், அல்லது சஸ்டெயினைக் குறையுங்கள். மெல்ல வாசிப்பதைக் கம்ப்ரஸர் தொடக் கூடாது. ஓங்கி அடிப்பதை மட்டும் பிடிக்க வேண்டும். மீட்டர் இருந்தால் ரிதமுக்கு உச்சத்தில் 3 முதல் 6 டெசிபல் குறைந்தால் போதும். தனித் தந்தி மீட்டலுக்கும் சோலோவுக்கும் 6 முதல் 10 வரை போகலாம்.

பிறகு லெவல். எல்லாப் படிகளிலும் இதுதான் உயிர்நாடி. பெடலை அணைத்தும் போட்டும், சாதாரண பலத்தில் வாசித்து, இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவலைச் சரிசெய்யுங்கள். மனிதக் காது சத்தம் கூடியதை எல்லாம் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். லெவல் சமன்செய்யாமல் கம்ப்ரஸரை மதிப்பிட்டால் நீங்கள் மதிப்பிடுவது வால்யூமைத்தான். நண்பர் ஒருவரை அறைக்கு வெளியே நிற்கவைத்து, "எப்போ மாறுச்சு சொல்லுங்க" என்று கேளுங்கள். சத்தம் கூடியது, குறைந்தது என்று அவர் சொல்லாமல், சீராக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது என்று சொன்னால் லெவல் சரி.

கடைசியாகப் பிளெண்ட். அழுத்தாத சிக்னலைப் பாதி கலந்தால் பிக்கின் முனையும் கையின் ஏற்ற இறக்கமும் திரும்பும், கூடவே நீளமும் கிடைக்கும். பிளெண்ட் இருக்கிற பெடலில் நான் பாதிக்குப் பாதியிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கிட்டாரை மாற்றினால் இதையெல்லாம் மீண்டும் பாருங்கள். இரண்டு காயில் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பின் சிக்னல் பெரியது, த்ரெஷோல்டை முன்னதாகவே தாண்டிவிடும். சிங்கிள் காயிலில் சரியாக இருந்த செட்டிங் ஹம்பக்கரில் நெரிக்கும்.

படி 4: எந்த இடத்தில் செருகுவது?

பொதுவான வரிசை: கிட்டார், ட்யூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ் போன்றவை, டிலே, ரிவெர்ப், ஆம்ப். இது நல்ல வரிசைதான். ஆனால் காரணம் தெரிந்தால்தான் எங்கே மீறலாம் என்றும் தெரியும்.

ஃபஸ் பெடல்களில் பழைய வடிவங்கள் கிட்டார் பிக்கப்பை நேரடியாகப் பார்க்க விரும்புபவை. அவற்றுக்கு முன்னால் கம்ப்ரஸர் வந்தால் சத்தம் கரகரத்து மெலியும். ஃபஸ்ஸை முதலில் வையுங்கள். சுரத்தை 'வா வா' என்று திறந்து மூடும் ஆட்டோ வா பெடல், உங்கள் கையின் பலத்தை அளந்துதான் திறக்கும். பலத்தைக் கம்ப்ரஸர் சமப்படுத்திவிட்டால் அது எதை அளக்கும்? அதையும் கம்ப்ரஸருக்கு முன்னால் வையுங்கள். வால்யூம் பெடல் நேர்மாறு. முன்னால் வைத்தால் நீங்கள் காலால் குறைப்பதைக் கம்ப்ரஸர் ஓரளவு ஈடுகட்டிவிடும். மெல்ல எழுப்பும் வாசிப்புக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். கிட்டாரின் வால்யூம் குமிழுக்கும் இதே கதிதான். கம்ப்ரஸர் போட்டிருக்கும்போது அதைக் குறைத்தால் எதிர்பார்த்த அளவு குறையாது.

ஓவர்டிரைவுக்கு முன்னால் கம்ப்ரஸர் வந்தால் டிரைவ் ஒரே அளவில் சீராக நிற்கும், சுரம் நீளும். ஆனால் கம்ப்ரஸர் தூக்கிய இரைச்சலை ஓவர்டிரைவ் இன்னும் பெருக்கும். பின்னால் வைத்தால் ஏற்கெனவே வெட்டப்பட்ட சிக்னலுக்கு அது செய்ய அதிகம் இல்லை. என் தேர்வு முன்னால், ரேஷியோ குறைவாக, டிரைவும் குறைவாக. டிலே, ரிவெர்ப்புக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். தேய்ந்து அடங்க வேண்டிய எதிரொலிகளையும் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்திவிடும்.

ஆம்ப்பின் பின்னால் பெடல் செருகத் தரும் எஃபெக்ட்ஸ் லூப்பில் கம்ப்ரஸர் செருகுவதால் பெரிய பலன் இல்லை. சில ஆம்ப்களில் அங்கே வரும் சிக்னல் பெடல் தாங்கும் அளவைவிடப் பெரியது.

ஆம்ப்புக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே

கிளீன் டிரான்சிஸ்டர் ஆம்ப்: மேலே சொன்ன செட்டிங் அப்படியே பொருந்தும். கஃபேக்களில் பேச்சுக்கு இடையே சத்தமில்லாமல் வாசிக்கும்போது மெல்லிய மீட்டல்கள் காணாமல் போவதுதான் குறை. ரேஷியோவைக் கூட்டுவதைவிட த்ரெஷோல்டைச் சற்று இறக்கி 3:1-இல் வைத்தால் சத்தம் ஏறாமல் தெளிவு மட்டும் ஏறும்.

கரகரப்பின் விளிம்பில் வைத்த ட்யூப் ஆம்ப்: இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். மெல்ல வாசித்தால் கிளீன், ஓங்கினால் கரகரப்பு என்று கையாலேயே மாற்றுவதுதான் இந்த ஆம்ப்பின் அழகு. கம்ப்ரஸர் போட்டால் அந்த வித்தியாசம் சுருங்கி, ஒன்று எப்போதும் கிளீன், இல்லை எப்போதும் கரகரப்பு என்றாகிவிடும். சோலோவுக்கு மட்டும் போடுங்கள், லெவலைக் கொஞ்சம் கூட்டி ஆம்ப்பைத் தள்ள விடுங்கள். அந்த நேரத்தில் லெவல் சமன் விதியை மீறலாம்.

ஆம்ப் சிமுலேஷன் உள்ள மல்டி எஃபெக்ட்ஸ்: ஒரே பேட்சில் (சேமித்துவைத்த செட்டிங்கில்) கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், ட்யூப் ஆம்ப் மாடல் என மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். கம்பெனி வைத்துத் தரும் பேட்சுகள் பெரும்பாலும் இப்படித்தான். ஒன்றொன்றாக அணைத்துக் கேளுங்கள். எது அணைந்தபோது பாட்டு குறைந்ததோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கமகம் வாசிக்கிறவர்களுக்கு

நம் இசைக்குக் கம்ப்ரஸர் மிக அதிகமாக உதவுகிற இடம் இதுதான். மின்கருவியில் கர்நாடக இசை முடியும் என்பதை மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் போட்ட மின் மாண்டலினில் நிரூபித்தார். கிட்டாரில் பிரசன்னா அந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறார்.

கிட்டாரில் ஒரு மீட்டலில் சுரம் பிறந்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டும் என்றால் ஒரே மீட்டலில் பல அசைவுகள் வர வேண்டும். மூன்றாவது அசைவுக்குள் சத்தம் பாதியாகிவிட்டால் கேட்பவருக்கு முதல் அசைவு மட்டும்தான் போய்ச்சேரும். இடையில் மறுபடி மீட்டினால் கோர்வை அறுந்துவிடும். கம்ப்ரஸர் தொடக்கத்தைப் பிடித்துவைத்து, சுரம் தேயத் தேயப் பிடியை விடுவதால், அசைவுகள் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். ஓவர்டிரைவும் சுரத்தை நீட்டும், ஆனால் சுரத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

தொடங்க ஒரு அளவு: அட்டாக் 20 மில்லி செகண்ட் சுற்றி, ரேஷியோ 4:1, ரிலீஸ் நீளமாக 400 அல்லது அதற்கு மேல், உச்சத்தில் 8 டெசிபல் குறைப்பு, பிளெண்ட் பாதிக்கு மேல். ஆப்டிகல் வகை இதற்குப் பொருத்தம். நெக் பிக்கப், டோன் சற்றுக் குறைவு.

அதிகமாகப் போனால் இன்னொரு கெடுதல் வரும். அசைவு அடங்கி நிற்பதும் கமகத்தின் பகுதிதான். அது அடங்காமல் ஒரே உயரத்தில் ஓடினால் கீபோர்டில் பிட்ச் வீலைத் திருப்பிய மாதிரி ஆகிவிடும். அப்புறம், ஜாருவில் விரல் வழுக்கும்போது சுருள் சுற்றிய தந்திகளில் வரும் 'சர்ர்' சத்தத்தையும் கம்ப்ரஸர் தூக்கும். ஃப்ளாட்வவுண்ட் தந்தி போட்டால் அது பெருமளவு குறையும். தந்தி மாற்றுவதற்கு முன் ரேஷியோவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பது வீண் வேலை.

மேடை, கரண்ட், கடல் காற்று

திறந்தவெளி மேடையில் கம்ப்ரஸர் வேறு முகம் காட்டும். மாசி மகத்தின்போது தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ போடுகிற மாதிரி ஒரு திருவிழா மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் கரண்ட், சீரியல் லைட், டிம்மர், பக்கத்திலேயே ஓடும் பவர் கேபிள்கள். சிங்கிள் காயில் பிக்கப் இத்தனையையும் உறிஞ்சும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸில் ஹம் வரும், டிம்மர் அதன்மேல் கூர்மையான ஒரு 'ஜிர்ர்' சேர்க்கும். நீங்கள் வாசிக்காத ஒவ்வொரு நொடியும் கம்ப்ரஸர் இதைத் தூக்கிப்பிடிக்கும். முதலில் ஹம்பக்கருக்கு மாறுங்கள், அல்லது மேடையில் திரும்பி நின்று ஹம் குறையும் திசையைக் கண்டுபிடியுங்கள். வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் இருந்தால் கம்ப்ரஸருக்கு முன்னால் வையுங்கள். அழுத்தாத சிக்னலில்தான் வாசிப்புக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி அதிகம், கேட் தடுமாறாமல் வேலை செய்யும்.

ஹம்மைப் போக்க பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தந்தியில் கையும் மைக்கில் உதடும் படும்போது அந்த எர்த்தான் உயிரைக் காப்பது. ஹம்முக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருந்தால் அதைத் தட்டுங்கள். பெடல்களுக்கு ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாகக் கொடுப்பதைவிட, தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளை நல்லது.

ஃபீட்பேக்கும் இதே கணக்குதான். லெவலை 8 டெசிபல் தூக்கியிருந்தால், நீங்கள் தந்தியை விட்ட நொடியில் உங்கள் கிட்டார் 8 டெசிபல் அதிகத் துடிப்போடு காத்திருக்கிறது. பக்கத்தில் மானிட்டர் இருந்தால் ஊளையிடும். சோலோ முடிந்ததும் காலால் அணைக்கும் பழக்கம் வேண்டும்.

சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். "அண்ணே, கிட்டார் சேனல்ல கம்ப்ரஸர் போட்ருக்கீங்களா? நான் இங்கேயே போட்டுட்டுத்தான் அனுப்புறேன்" என்று கேட்டால் போதும். உங்களுடையது 4:1, அவருடையது 4:1, இரண்டின் த்ரெஷோல்டையும் தாண்டினால் சேர்ந்து 16:1 ஆகிவிடும். அவர் எடுக்க மாட்டேன் என்றால் நீங்கள் எடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும், ஜாக்கிலும் குமிழிலும் படலம் கட்டும். சாதாரணமாகக் காதில் விழாத கரகரப்பைக் கம்ப்ரஸர் மேடைக்குக் கொண்டுவரும். பெடல் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்வதற்கு முன், கேபிள் முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, குமிழ்களுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வைப்பது பழக்கமாகட்டும். துருவேறிய தந்தியின் சுரம் சீக்கிரம் தேயும், அதை நிமிர்த்தக் கம்ப்ரஸரைக் கூட்டுவீர்கள், அதோடு இரைச்சலும் கூடும்.

செட்டிங்கைக் குறித்துவைக்க பெடலின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கஃபே, ஆர்கெஸ்ட்ரா, சர்ச் என்று மூன்று நிறத்தில் குமிழ் நிலைகளைக் கோடு போட்டுவையுங்கள். ஜூன் 21 ஃபெட் த லா மியூசிக் இசை விழா மாதிரி, ஒரு குழு இறங்கியதும் அடுத்த குழு ஏறுகிற நிகழ்ச்சிகளில் சவுண்ட் செக்குக்குக் கிடைப்பது சொற்ப நேரம்தான். அப்போது அட்டாக்கையும் ரிலீஸையும் தொடாதீர்கள். டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஓடும்போது உங்கள் மிக மெல்லிய பகுதியையும் மிக ஓங்கிய பகுதியையும் ஒருமுறை வாசியுங்கள். மெல்லியது கேட்காவிட்டால் சஸ்டெயினைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஓங்கியது பாடகரை மறைத்தால் லெவலைக் குறையுங்கள், இரண்டும் சரியென்றால் வாசிக்கத் தொடங்குங்கள்.